தள்ளுவண்டி அக்கா

"தம்பி, அடுத்த ஞாயித்துக்கெழம நீங்கள்லாம் சைக்கிள்லயே பாண்டிச்சேரி போறீங்களாமே? நானும் வரட்டுங்களா?"

டீ குடித்துக்கொண்டிருந்த இனியனுக்குப் புரை ஏறியது. திரும்பிப் பார்த்தான். அட, நம்ம தள்ளுவண்டி அக்கா!

இனியன் 'மலைச்சுற்று ரைடர்ஸ்' குழுவின் தலைவன். ஞாயிறு காலையானால் பக்கத்திலேயே இருக்கும் வேங்கிக்காலிலிருந்து கார்களின் மேல் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு கூட்டமாக வருவார்கள். கிரிவலப் பாதையில் இறக்கி, மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டு இந்த டீக்கடையில் கூடுவார்கள். போட்டோ எடுத்து, 'கிரிவலம் முடிந்தது' என்று ஸ்டேட்டஸ் போடுவார்கள். பிறகு சைக்கிள்கள் மறுபடி கார் மேல் ஏறிவிடும். இப்போதும் ஏறியாகிவிட்டது.

சைக்கிள் விஷயத்தில் இனியன் கொஞ்சம் ஆசாரம். கேரியர் வைத்தவன் சைக்கிளிஸ்ட் இல்லை. ஸ்டாண்டு வைத்தவனும் இல்லை. மணி வைத்திருந்தால் பேச்சே வேண்டாம்.

இந்த அக்காவின் சைக்கிளில் மூன்றும் இருந்தன. பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுக்கிற சைக்கிள். முன்னால் கூடை, பின்னால் கேரியரில் ஒரு கட்டைப்பை.

ஞாயிறு தவறாமல் பாதையில் அவளைப் பார்ப்பார்கள். ஒருநாளும் அவள் அதில் ஏறி உட்கார்ந்து பார்த்ததில்லை. தள்ளிக்கொண்டேதான் போவாள். இனியனின் நண்பன் மூர்த்திதான் 'தள்ளுவண்டி' என்று பெயர் வைத்தான். அவளைத் தாண்டும்போதெல்லாம், "தள்ளு தள்ளு!" என்று கூவிக்கொண்டு பறப்பான்.

"என் பேரு பாஞ்சாலைங்க" என்றாள். "கடலு பார்த்ததே இல்லீங்க தம்பி. அதான் கேட்டேன்."

"அதுக்கு பஸ் இருக்கேக்கா" என்றான் இனியன்.

"பஸ்சு எனக்கு ஒத்துக்காதுங்க. ஏறி நாலு ஸ்டாப்பு தாண்டறதுக்குள்ள கொமட்டிக்கினு வந்துடும். காரும் அப்பிடித்தான்."

"நூறு கிலோமீட்டர்க்கா! கியர் சைக்கிள் வேணும், ஹெல்மெட் வேணும்" என்று மூர்த்தி அடுக்கினான்.

"ஹெல்மெட்டு வாங்கிக்கறேன். நான் மெதுவாத்தான் வருவேன். நீங்க முன்னாடி போய்க்கினே இருங்க. வழி தப்பாம உங்க பின்னாடி வந்தா போதும் எனக்கு."

அவள் கெஞ்சவில்லை. ஆனால் முகம் முழுக்க ஆசை. இந்த வயதில் ஒருத்திக்குக் கடல் மேல் இவ்வளவு ஆசையா என்று இனியனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆசை காட்டி மோசம் செய்வதைவிட, இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இது சைக்கிளிஸ்ட்டுங்க குரூப். ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு மட்டுந்தான்."

"எனக்குத் தெரியுமே."

மூர்த்தி சிரித்தேவிட்டான். "அக்கா, ஒரு வருஷமா பார்க்கறோம். ஒருநாளாவது ஏறி உக்காந்தீங்களா? தள்ளிக்கினுதானே போறீங்க?"

பாஞ்சாலை அவனை வினோதமாகப் பார்த்தாள்.

"கிரிவலம் எப்பிடிப்பா ஏறி உக்காந்துக்கினு போறது? நடந்துதானே சுத்தணும்?"

அப்போதுதான் இனியன் அவள் காலைப் பார்த்தான். வெறுங்கால். பக்கத்திலேயே பறந்தும் இத்தனை நாள் அவன் கண்ணில் அது படவே இல்லை.

"சைக்கிளை எங்கயாவது வுட்டுட்டு நடக்கலாமேக்கா?" என்றான்.

"பூட்டு கெட்டுப்போச்சுங்க. என் பொண்ணு காலேஜி பஸ் புடிக்கப் போற வண்டி இது. காணாப்போச்சுன்னா அவ நடக்கணும். சரி, அதுவும் என்கூட மலைய ஒரு சுத்து சுத்தட்டுமேன்னு தள்ளிக்கினு போறேன்."

"அப்போ... வீட்லேர்ந்து இங்க வரைக்கும்?"

"ஓட்டிக்கினுதான் வரேன். கீழ்பென்னாத்தூர் தாண்டி எங்க ஊரு, இங்கேர்ந்து இருவது கிலோமீட்டருக்கு மேல. கருக்கல்லயே கெளம்பிடுவேன். சுத்தி முடிச்சி ஒரு டீ குடிச்சிட்டு மிதிச்சா, வெயிலு உச்சிக்கு வர்றதுக்குள்ள வூடு போய்ச் சேந்துடுவேன்."



அவ்வளவு தூரம் மிதித்து வந்து, மலை முழுக்க வெறுங்காலோடு நடந்து, மறுபடி அவ்வளவு தூரம் மிதிக்க வேண்டும். அதுவும் இந்த இரும்பை! கியர் இல்லை, காத்திருக்கக் கார் இல்லை, சொல்லிக்கொள்ள ஒரு ஸ்டேட்டஸ்கூட இல்லை. தன் தோள் உயரம்கூட இல்லாத அந்தப் பெண்ணை அண்ணாந்து பார்ப்பது போல இருந்தது இனியனுக்கு.

பாஞ்சாலை கட்டைப்பையிலிருந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். புடவையை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

"வேணான்னா பரவால்லீங்க தம்பி. நீங்க பத்தரமா போய்ட்டு வாங்க."

ஏறி உட்கார்ந்தவள், ஏதோ நினைவு வந்தவளாகக் கார்களைப் பார்த்தாள்.

"ஆமா, உங்க சைக்கிளுங்கல்லாம் ஏன் எப்பவும் கார் மேலயே வருது? ரிப்பேருங்களா? பாவம், பாண்டிச்சேரி வரைக்கும் தாங்குமா, பார்த்துக்குங்க."

மணியை அடித்தாள். சைக்கிள் கிளம்பிவிட்டது.

மூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான். இனியன் ஓடிப்போய்க் கார் மேல் இருந்த கட்டை அவிழ்த்தான். சைக்கிளை இறக்கி, ஏறி, அவள் போன பக்கம் வேகவேகமாக மிதித்தான்.

"அக்கா! கொஞ்சம் நில்லுங்க... உங்க ஊரு வரைக்கும் நானும் வரட்டுங்களா?"