நரகத்தில் இசோல்டா

வில்பரி கிராமத்துத் தேவாலயத்தில் அன்று பூசை முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பலிபீடத்துக்கு முன்னால் உள்ள பெரிய வளைவின் மேல், ஓவியன் ஹேமோ கடைசித் தீர்ப்பு நாளை வரைந்துகொண்டிருந்தான். இடப்பக்கம் சொர்க்கம், வலப்பக்கம் நரகம். அங்கே ஒரு பிசாசு, அளவில் ஏமாற்றிய பீர்க்கடைக்காரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது.

எல்லா ஊர்க் கோயில் நரகத்திலும் அப்படி ஒருத்தி உண்டுதான். ஆனால் இவளுக்கு இசோல்டாவின் முகம். ஊர்க்கோடியில், வாசல் கம்பத்தில் சிவப்புத் துணி கட்டிய துடைப்பத்தைக் கடை அடையாளமாக மாட்டி பீர் விற்கும் அதே இசோல்டா.

“வெங்காய மூக்கு அப்படியே இருக்கே!” என்று தச்சன் கத்தினான்.

“மூக்கை விடுடா, அந்தப் பிசாசைப் பாரு. என் கனத்துக்கு அதுக்கு இடுப்பு ஒடிஞ்சிருக்கும், பாவம்!” என்றாள் இசோல்டா.

சிரித்தாளே தவிர, வெளியே வந்ததும் கோயில் நிர்வாகி ஆஸ்பர்ட்டைத் தனியே பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, அந்தச் சிசிலி இருக்காளே, அவ கோயில் வாசல்லயே பீர்க்கடை போட்டதுலருந்து என் பக்கம் ஈ காக்கா வரல. கடையையே மூடணும் போலிருக்கு. திருவிழாவுக்கு மூணு ஊர் சனம் வரும். இப்ப என் பொழப்பே இந்தச் செவுத்துலதான் இருக்கு.”

ஆஸ்பர்ட்டுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எதையும் சட்டென்று புரிந்துகொள்கிறவர் என்று அவருக்கு ஊரில் பெயர். வைத்தது அவரேதான்.

சிசிலி ஓவியனுக்கு லஞ்சம் கொடுத்திருக்கிறாள். இசோல்டா அந்த முகத்தைச் சுரண்டியெறியத் துடிக்கிறாள். ஊர் கூடிக் காசு போட்டு வரைகிற ஓவியம், விடலாமா?

திருவிழாவுக்கு முதல் நாள். ஹேமோ மதியச் சாப்பாட்டுக்குப் போனதும், வளைவுக்கு அடியில் இருந்த செதுக்கு வேலை செய்த மரத் தடுப்பின் பின்னால் ஆஸ்பர்ட் பதுங்கினார். துளை வழியே பார்த்தார்.

இசோல்டா வந்தாள். கையில் மூடிய சட்டி. சாரத்தில் ஏறி, நேரே நரகத்துக்குப் போனாள்.

அவள் கை சுவரில் அசைவதைச் சிறிது நேரம் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகு, “மாட்டினியா!” என்று ஆஸ்பர்ட் ஓடிவந்து ஏணியை உலுக்கினார்.

“ஐயோ, உலுக்காதீங்க ஐயா! விழுந்தா நெஜமாவே அங்கதான் போவேன்!”

மூச்சிரைக்க மேலே ஏறிப் பார்த்தார். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வெறுமனே இருந்த பிசாசின் கையில் புதிதாக ஒரு துடைப்பம். அதில் சிவப்புத் துணி.

“என்னடி இது கூத்து?”

“படத்தைப் பார்த்தவன் ஆளைப் பார்க்க வருவான். வந்தவன் குடிக்காமலா போவான்? ஆனா வெளியூர்க்காரனுக்கு என்னைத் தெரியாதே! வாசல்ல இருக்கிற சிசிலிதான் இந்தப் பொம்பளைன்னு நெனச்சு அங்க நுழைஞ்சிட்டா?”

“அப்ப... சிசிலி ஓவியனுக்கு லஞ்சம்...”

“அவளுக்கு ஏது ஐயா அவ்வளவு மூளை?” இசோல்டா தூரிகையைத் துடைத்துக்கொண்டாள்.

“முகத்துக்கு ரெண்டு பீப்பாய் பீர் நான்தான் கொடுத்தேன். துடைப்பத்துக்கு மூணாவது கேட்டான், கட்டுப்படியாகல, அதான் நானே ஏறிட்டேன்!”