ஒற்றைத் தண்டவாளம்

இரும்புப் பூண் போட்ட தடியோடு தண்டவாளங்களுக்கு நடுவில் நின்றார் மா ஓக்பூன் என்ற அம்மாள். பத்தடி தள்ளி, தண்டவாளத்தைப் பெயர்க்க வந்த கிரேன் உறுமிக்கொண்டிருந்தது. "இன்னும் ஒரு அடி வந்தா என்ன நடக்கும்னு எனக்கே தெரியாது" என்று சொல்லி, தண்டவாளத்தில் ணங்கென்று ஒரு தட்டுத் தட்டினார்.

நகராட்சி அலுவலர் யாங் தேசிக்குக்கு எரிச்சல் தலைக்கேறியது. கங்வோன் மலையில் நிலக்கரிச் சுரங்கங்களை மூடியதும் ரயிலும் நின்றுபோய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. புதர் மண்டிக் கிடக்கும் பாதையைச் சைக்கிள் சாலையாக்கி, ஓரத்தில் செர்ரி மரம் நட்டு, பழைய ஸ்டேஷனில் ஒரு காப்பிக் கடை வைக்கலாம் என்று மேலிடத்தோடு மூன்று வருஷம் மல்லுக்கட்டி ஒப்புதல் வாங்கியவன் அவன். ஊரே கையெழுத்துப் போட்டுவிட்டது, இந்த ஒரு அம்மாவைத் தவிர.

முந்தின நாள் ஊர்த் தலைவரிடம் காரணம் கேட்டுப் பார்த்தான். அவர் தலையைச் சொறிந்தார். "அவங்க விஷயத்த அவங்களே சொல்லட்டும். நான் வாயத் திறந்தா என்னைச் சும்மா விட மாட்டாங்க" என்று நழுவிவிட்டார்.

வயல்வேலைக்குப் போகும் பெண்கள் போடுகிற வெயில் தொப்பி ஓக்பூன் தலையில் இருந்தது. அதன் முன்பக்கக் கறுப்புத் தகடு முகத்தை மறைத்து மோவாய் வரை இறங்கியிருந்தது. முதுகுப் பையில் காலி சோஜு மது பாட்டில்களில் அடைத்த நல்லெண்ணெய். ஐந்து நாளைக்கு ஒருமுறை கூடும் சந்தைக்கு இந்தப் பாதையிலேயே நாலு கிலோமீட்டர் நடந்துபோய் விற்றுவிட்டு வருகிறவர் அவர்.

தேசிக் குரலைத் தணித்துக்கொண்டான். ஸ்டேஷனிலேயே ஓர் எண்ணெய்க் கடை ஒதுக்கித் தருவதாகச் சொன்னான். சந்தை நாளில் வீட்டு வாசலுக்கே வண்டி அனுப்புவதாகவும் சொல்லிப் பார்த்தான்.

"வண்டியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். பதினோரு வருஷமா யார் தயவும் இல்லாம போய் வர்றேன். இனியும் அப்படித்தான் போவேன்."

"சாலை போட்டா இன்னும் சுகமா நடக்கலாமேம்மா. வழவழன்னு இருக்கும்."

"வழவழன்னு இருந்தா உனக்குச் சுகம். நீ சாலை போடு, மரம் நடு, காப்பி ஆத்து. நான் வேணாங்கல. ஒரு பக்கத் தண்டவாளத்த மட்டும் விட்டுட்டுப் போ."

கிரேன் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் எந்த ரயிலம்மா ஓடும் என்று ஒருவன் கேட்டான்.

"ரயில் வேணும்னு எவன் கேட்டான்?" என்றார் ஓக்பூன்.

தேசிக் குனிந்து பார்த்தான். வலப்பக்கத் தண்டவாளம் முழுக்கத் துருவேறிக் கிடந்தது. இடப்பக்கத் தண்டவாளத்தில் மட்டும், நேற்றுத்தான் ரயில் போனதுபோல, விரற்கடை அகலத்துக்கு ஒரு கோடு பளபளத்தது. அதைப் பற்றி யோசிக்க அவனுக்கு நேரமில்லை. மாலைக்குள் வேலையை முடித்துக் கிரேனைத் திருப்பி அனுப்பியாக வேண்டும்.

கையிலிருந்த பெரிய வரைபடத்தை விரித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். சைக்கிள்கள், பூத்த மரங்கள், நிழலில் பெஞ்சுகள் என்று அவன் பார்த்துப் பார்த்துப் போட வைத்த படம். ஓக்பூன் முகத்தைக்கூட அசைக்கவில்லை. இவ்வளவு இளப்பமா என்று அவனுக்குச் சுர்ரென்றது.

போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்றான். தாராளமாகக் கூப்பிடு, அவர்களும் வந்து நிற்கட்டும் என்றார் அவர்.

"எதையுமே பாக்க மாட்டேன்னு நின்னா நான் யார்கிட்டப் பேசறது? ஒரே ஒரு தடவை கண்ணத் திறந்து இதப் பாருங்கம்மா."

ஓக்பூன் தடியின் நுனியை இடப்பக்கத் தண்டவாளத்தில் வைத்துத் தேய்த்தபடியே அவனை நோக்கி நடந்து வந்தார். பளபளத்த கோட்டின் மேல் தடி இம்மி பிசகாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. வரைபடம் நெஞ்சில் இடித்த பிறகுதான் நின்றார்.

நின்று, தொப்பியின் தகட்டை மேலே தூக்கிவிட்டார். உயரத்தில் உட்கார்ந்திருந்த கிரேன் ஓட்டுநருக்குத்தான் அந்த முகம் முதலில் தெரிந்தது. அவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"திறந்துதான் இருக்கு தம்பி. பார்வைதான் இல்ல."