முதுகு மாறி வந்த எழுத்து

சிலேட்டைக் கையில் கொடுப்பதற்கு முன்பு லூர்து டீச்சர் எங்களை ரயில் பெட்டிகள் போல ஒருவர் பின் ஒருவராக உட்காரவைப்பார். கடைசியில் இருக்கும் என் முதுகில் விரலால் ஓர் எழுத்தை எழுதுவார். நான் அதை முன்னால் இருப்பவளின் முதுகில் எழுதவேண்டும். அப்படியே முதுகு மாறிப் போய், முதலில் இருக்கும் முத்துராக்கு அதைக் கரும்பலகையில் எழுதுவான். சிலேட்டை அழிப்பதுபோல் உள்ளங்கையால் முதுகை அழித்துவிட்டுத்தான் எழுதவேண்டும் என்பது டீச்சரின் சட்டம். முத்துராக்குக்குப் பின்னால் இருந்த தாவீது மட்டும் அழிக்கவே மாட்டான். அதுவும் நகத்தால் எழுதுவான். "அழிச்சிட்டு எழுதுடா!" என்று முத்துராக்கு தினமும் கத்துவான்.

தலை நரைத்த பிறகு அதே வகுப்பறையில் கூடினோம். தாவீது போன மழைக்காலத்தில் இறந்துபோயிருந்தான். "ரயில் விடலாமா?" என்றாள் அவனுக்குப் பின்னால் உட்காரும் பரிமளம். முத்துராக்கு சாக்பீசுடன் பலகையைப் பார்த்து உட்கார்ந்தான்.

"அவன் எடத்த விட்டுட்டு உக்காருங்க" என்றான்.

டீச்சரும் இல்லாததால் நானே ஓர் எழுத்தை நினைத்து அனுப்பினேன். அது பரிமளம் வரை போனது. அவளுக்கு முன்னால் வெறும் தரை. எங்கே எழுதுவது என்று தெரியாமல் விரலைத் தூக்கியபடி இருந்தாள்.

முத்துராக்கின் தோள் சட்டென்று நெளிந்தது.

"அழிச்சிட்டு எழுதுடா" என்றான், திரும்பாமலேயே.

யாரும் சிரிக்கவில்லை. அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து பலகையில் 'ம' என்று எழுதினான். நான் அனுப்பியதும் அதுதான். பரிமளம் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் விரல் இன்னும் காற்றிலேயே நின்றிருந்தது.