மருந்து குறைந்த தோட்டா

ஹார்ன் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டான் லைல். அழுத்தத்தான் மனசு வரவில்லை.

புல்வெளியின் இந்தக் கரையில் அவன் பிக்கப். நடுவில், காய்ந்த புல்லுக்குள் குப்புறப் படுத்தபடி, துப்பாக்கியைக் கன்னத்தோடு ஒட்டிவைத்திருக்கும் அவன் மனைவி மர்னா. அந்தக் கரையில், பைன் மரங்களை விட்டு வெளியே வந்து நிற்கும் எல்க் மான் கிடா. தலையில் கொம்பா அது, ஒரு தோப்பையே தூக்கி வைத்த மாதிரி.

மொன்டானாவின் இந்த மலையில் கிடா சுடும் அனுமதி குலுக்கலில்தான் விழும். பதினோரு வருஷமாக எழுதிப்போட்டு, இந்த வருஷம்தான் மர்னா பேருக்கு விழுந்திருந்தது. தகவல் வந்த அன்று சமையலறையில் அவள் போட்ட ஆட்டத்தில் நாய் சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

தோட்டாக்களை லைல்தான் கராஜில் உட்கார்ந்து செய்து கொடுத்தான். கடைத் தோட்டா வாங்கினால் அவனுக்குச் சோறு இறங்காது. பித்தளைக் கூட்டை அடியில் பிடித்துக்கொண்டு அளவுக்கருவியின் கைப்பிடியை இழுத்தால், மேலே இருக்கும் குடுவையிலிருந்து ஒரே அளவு வெடிமருந்து குழாய் வழியாகக் கூட்டுக்குள் இறங்கும்.

இறங்க வேண்டும்.

நேற்று மத்தியானம் ஒரு கூடு நிரம்பி, மேசையெல்லாம் மருந்து கொட்டியது. "சனியனே" என்று கருவியை ஒரு தட்டு தட்டினான். சிந்தியதை வழித்துவிட்டு, ரேடியோவில் ஓடிய ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டே வேலையைத் தொடர்ந்தான்.

இன்று காலை இரண்டாவது காபியில்தான் உறைத்தது. ஒன்றில் கூடுதலாக விழுந்தது என்றால், அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? குச்சி குச்சியான மருந்து. குழாயில் குறுக்கே சிக்கியிருக்கிறது. அதற்கு முந்தின கூடு பட்டினி.

வீட்டில் மிச்சம் இருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தராசில் போட்டுப் பார்த்தான். எல்லாம் சரி.

அப்படியென்றால் பட்டினித் தோட்டா, நேற்று சாயங்காலமே வேட்டை முகாமுக்குக் கிளம்பிப்போன மர்னாவிடம்.

அது 'புஸ்' என்று ஒரு சத்தம் போடும். குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். என்னடா இது என்று அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். அவள் கன்னத்துக்குப் பக்கத்தில்.

மலையில் போன் எடுக்காது. பிக்கப்பை விரட்டிக்கொண்டு வந்தான். முகாமில் இருந்த அவள் அண்ணன்கள் கையைக் காட்டிய பக்கம் வண்டியைத் திருப்பினான். வந்து நின்றால், இது.

கிடா மெதுவாகத் திரும்பி, விலா முழுக்கத் தெரிகிற மாதிரி அவளுக்கு முன்னால் நின்றது. பதினோரு வருஷம்.

லைல் அழுத்தினான்.

மலை முழுக்க எதிரொலித்தது. கொம்புத் தோப்பு ஒரே துள்ளலில் மரங்களுக்குள் மறைந்தது.

மர்னா எழுந்து வந்த வேகத்தைப் பார்த்து, வண்டிக்கண்ணாடியை ஏற்றிவிடலாமா என்றுகூட யோசித்தான்.

"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? இல்ல, அதையும் கராஜ்லயே வெச்சுட்டு வந்துட்டியா?"

"எனக்கு உன் மூஞ்சி வேணும், மர்னா. அதான் அடிச்சேன்."

விஷயத்தைச் சொன்னான். அவள் ஜாக்கெட்டிலிருந்து தோட்டாப் பெட்டியை எடுத்து நீட்டினாள்.

குண்டைக் கழற்றும் சுத்தியலை லைல் கையோடு கொண்டுவந்திருந்தான். ஒவ்வொரு தோட்டாவாக அதற்குள் மாட்டி, வெட்டிப்போட்ட ஒரு அடிமரத்தில் தட்டினான். குண்டும் மருந்தும் கழன்று வந்தன. சரி. இதுவும் சரி. இதுவும்.

ஒன்றிலிருந்து மட்டும் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி அளவுக்கு விழுந்தது.

லைல் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான். மர்னா அவன் தொப்பியைக் கழற்றி, வேர்த்திருந்த தலையைத் துடைத்துவிட்டாள்.

"சரி, விடு. நல்லாத்தானே நிக்கறேன்."

"துப்பாக்கியக் குடு. உள்ள இருக்கறதையும் பாத்துடறேன்."

"அதான் கெடச்சுருச்சே. எதுக்கு?"

அவள் தோளிலிருந்து அவனே வாங்கி, போல்ட்டை இழுத்துத் தோட்டா அறையைத் திறந்தான்.

உள்ளே தோட்டா இல்லை. விரலை விட்டுத் துழாவினான். அடியிலும் இல்லை. அடிமரத்தைத் திரும்பிப் பார்த்தான். அவன் கொடுத்தனுப்பியது அத்தனையும் அங்கேயே கிடந்தது. துப்பாக்கியில் அவள் ஒன்றைக்கூடப் போடவே இல்லை.

"கிடா வந்து எவ்வளவு நேரமாச்சு?" என்று மட்டும் கேட்டான்.

"விடிஞ்சதுலேர்ந்து இங்கதான்." மர்னா மரங்களைப் பார்த்தபடி சொன்னாள். "காதை ஆட்டிக்கிட்டே தின்னுக்கிட்டு இருந்துச்சு."

போல்ட்டை மூடித் துப்பாக்கியை வண்டியில் வைத்தான். இருவரும் ஏறிக்கொண்டார்கள்.

பாதி இறக்கத்தில், முகாமின் புகை கண்ணில் பட்டதும் மர்னா அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ ஹார்ன் அடிச்சுக் கெடுத்துட்டேன்னு எங்க அண்ணங்ககிட்ட சொல்லிடறேன். சரியா?"

"என்ன திட்டு திட்டுவானுங்க தெரியுமா?"

"தெரியும். அதான் உன்னைக் கேக்கறேன்."