கெஸ்லர் என்கிற பெயர்

போதகர் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டப் புரட்ட, தேவசகாயம் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எதிரே சப்-இன்ஸ்பெக்டர். பக்கத்தில் ஞானாபரணம்.

வியாழக்கிழமை இவன் மகள் தெபோராளை மருமகளாக்கிக்கொள்ளப் போகிறவர். கல்யாண நேரம் பேசப் போதகரிடம் வந்தவர், சப்-இன்ஸ்பெக்டர் சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்றதும் தானாகவே உட்கார்ந்துவிட்டார். உதவி செய்கிற மனுஷர். அதுதான் வினையாகிவிட்டது.

பிரிட்டிஷ் சர்க்காருக்கு ஜெர்மனியோடு சண்டை. ஊரிலிருந்த ஜெர்மன் பாதிரிகளை ரயிலேற்றி வடக்கே முகாமுக்கு அனுப்பியாயிற்று. இப்போது ஜெர்மன் பெயர் உள்ளவர்களின் முறை.

தபாலாபீஸ் குமாஸ்தா தேவசகாயம் கெஸ்லர். ஊரில் அவன் ஒருவன்தான்.

“ஆளப் பாத்தா நம்மூருதான். பேருதான் இடிக்குது,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். “வம்சத்துல வெள்ளைக்காரன் இல்லேன்னு தெரிஞ்சா விட்டுடுவேன். பேரு எப்படி வந்துச்சுன்னு சத்தமா வாசிங்க. இவரும் கேக்கட்டும்.”

பெயர் எப்படி வந்தது.

வெளியே சொல்ல ஒரு கதை உண்டு. கெஸ்லர் என்றால் ஜெர்மனியில் செம்புப் பாத்திரம் அடிக்கிறவர்கள். அண்டாவும் கொப்பரையும் அடித்த குடும்பத்தில் ஒருவர் பாதிரியாகிக் கப்பலேறி இந்தக் கரைக்கு வந்தார். கேட்டவர்கள் அதோடு தலையாட்டிவிட்டுப் போவார்கள். அந்தப் பெயரைச் சொன்னால், பூர்வீகம் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை.

மிச்சத்தை அப்பா சாகும்போது சொன்னார். பூட்டன் பண்ணையடிமையின் மகன். பஞ்சத்தில் விற்பனைக்கு வந்த சேரிப் பிள்ளையைப் பாதிரி மீட்டு, தன் பெயரையே வைத்தார். எல்லாம் பதிவேட்டில் இருக்கிறதாம்.

ஞானாபரணம், சேரிக்காரர் வாய் வைத்த கிண்ணத்தில் திருவிருந்துகூட எடுக்காதவர்.

போதகரின் விரல் ஓரிடத்தில் நின்றது.

உதடு மெல்ல அசைந்தது. பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தார். வாசிக்கவில்லை.

“என்ன போட்டிருக்கு?” ஞானாபரணம் எட்டிப் பார்த்தார். சட்டைப்பைக்குள் கையை விட்டுக் கண்ணாடியைத் தேடினார்.

முகாம் என்றால் அவனுக்குப் பயம். முள்வேலி பயம். எத்தனை வருஷமோ, திரும்புவோமோ மாட்டோமோ என்று பயம். ஆனால் அந்தக் கண்ணாடி வெளியே வந்ததும் அதெல்லாம் சின்னப் பயமாகிவிட்டது.

“வாசிக்க வேண்டாம்,” என்றான். “பாதிரியார் கெஸ்லர்தான் எங்க பூட்டனோட தகப்பனார். பெத்த தகப்பனார்.”

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். “யோசிச்சுச் சொல்லும். கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க.”

“யோசிச்சுத்தான் சொல்றேன்.”

போதகர் பதிவேட்டை மூடினார். அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

பேனா எழுதத் தொடங்கியது.

ஞானாபரணத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“இத்தனை நாளா இத மறைச்சுட்டீங்களே சம்பந்தி! கவலைய விடுங்க. நீங்க இல்லேன்னாலும் கல்யாணத்த ஜாம்ஜாம்னு நடத்திடறேன். உங்க மூக்கப் பாத்தப்பவே நெனச்சேன்.”

கான்ஸ்டபிள் வண்டி பிடிக்கப் போனான்.

ஞானாபரணத்தின் கை அவன் தோளை விட்டு இறங்கவே இல்லை. வண்டி சீக்கிரம் வந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.