ஒரு இழை மாறிப்போச்சு

“வெள்ளை, வெள்ளை, வெள்ளை, சாம்பல். இதுக்கு என்ன இவ்வளவு யோசனை?” என்று தறிக்கு முன்னாலிருந்து கேட்டாள் அவள்.

நூல்காரன் தறிக்குப் பின்னாலிருந்து அடுத்த இழையை நீட்டினான். சால்வையின் நீளவாட்டு இழைகளான பாவு தறியில் ஏற்றியாகிவிட்டது. சாயமே காணாத கம்பளி. ஆட்டின் மேல் இருந்த அதே வெள்ளை, அதே சாம்பல். பின்னால் ஒருவர் இழையை எடுத்துக் கொடுக்க, முன்னால் ஒருவர் அதைக் கொக்கியால், தறியில் வரிசையாகத் தொங்கும் விழுதுக் கயிற்றின் கண்ணுக்குள் இழுக்க வேண்டும். வழக்கமாக எடுத்துக் கொடுக்கும் அவள் அக்காவுக்குக் கையில் சுளுக்கு. கம்பெனி நூலைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவன் மாட்டிக்கொண்டான். இப்படி மாட்டிக்கொள்ள மூன்று வருடமாக ஏங்கிக் கிடந்தான் என்பது வேறு விஷயம்.

விழுதுகளுக்கு நடுவே அவள் முகம் கீற்றுக் கீற்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு இழைக்கும் கொக்கியின் முனை அவன் விரலை லேசாகத் தொட்டுவிட்டுப் போனது.

“அடுத்த மாசத்திலேர்ந்து வேற ஆள் நூல் கொண்டு வருவாராமே?” என்றாள் சன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா.

“ஆமாங்க. கம்பெனியில என்னை வேற ஊருக்கு மாத்திட்டாங்க.”

“நல்லதாப் போச்சு. உங்க நூலைவிட உங்க பெருமூச்சுதான் இந்த வீட்டுல அதிகமா இறங்குது.”

“அக்கா, சும்மா இரு,” என்றாள் தங்கை, நிமிராமலே.

இன்றைக்காவது கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தான். என்னைக் கட்டிக்கிறீங்களா என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்ததும் “சாம்பல்” என்று வெளியே விழுந்தது.

நானூறு இழையும் முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வாசல்வரை வந்தவள், “எங்கேயாவது தப்பு இருந்தா நெய்யும்போது தெரியும். தெரிஞ்சா கூப்பிடறேன்,” என்றாள்.

“கூப்பிடுங்க. கண்டிப்பா கூப்பிடுங்க.”

அவள் கூப்பிடவில்லை. குளிக்கப் போகும்போதுகூட அவன் போனைக் கையோடு எடுத்துப் போனான். நாலு நாள் ஓடிவிட்டது. ஐந்தாம் நாள் காலை, ஊர் மாறுவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

“ஒரு இழை மாறிப்போச்சு. நீங்களே வந்து பார்த்துட்டுப் போங்க.”

அடுத்த பஸ்ஸிலேயே போய் இறங்கினான். அக்கா கையில் பையோடு எதிரே வந்தாள்.

“உள்ளேதான் இருக்கா. நான் எதிர்க் கடைக்குப் போறேன். திரும்பி வர ரெண்டு மணி நேரமாகும்.”

தறியில் ஒரு முழம் நெய்திருந்தது. அவன் நேராக இடது ஓரத்துக்குப் போய்க் குனிந்து எண்ணினான். அன்று அவள் கண் வேறெங்கோ இருந்த சமயம் பார்த்து, பதினேழாவது இழையாக வெள்ளைக்குப் பதில் சாம்பலை எடுத்துக் கொடுத்திருந்தான், திரும்பி வர ஒரு சாக்கு வேண்டுமென்றே.

பதினேழாவது இழை வெள்ளையாக இருந்தது. மறுபடி எண்ணினான். வெள்ளைதான்.

“இங்கே... சரியாத்தானே இருக்கு?”

“அதை அன்னைக்கே மாத்திக் கோர்த்துட்டேன். சால்வையில எங்கேயும் தப்பு இல்லை.”

“அப்புறம் எதுக்கு போன்ல அப்படி...?”

அவள் தறியிலிருந்து கையை எடுத்தாள்.

“நீங்களா வருவீங்கன்னு நாலு நாள் நானும் பொறுத்துத்தான் பார்த்தேன்.”