வளைவில் நின்ற புள்ளி

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையில் வண்டிகள் பச்சைப் புள்ளிகளாகத் தத்தித் தத்தி நகர்ந்தன. திரையில் ராசிபுரத்தில் நிற்கும் வண்டி நிஜத்தில் அடுத்த ஊரைத் தாண்டியிருக்கும். தரவுத்தளத்தைப் பராமரிக்கும் மதிவதனி அன்று காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். வண்டிகளின் இருப்பிடம் பதிவாகும் அட்டவணையில் பக்கங்கள் விளிம்புவரை நிரம்பிக் கிடந்தன. இருப்பிடம் மாறும்போதெல்லாம் அதை எழுதக் கணினி வேறு பக்கம் தேடி அலைந்தது.

“ஒவ்வொரு பக்கத்துலயும் கொஞ்சம் காலி விடச் சொல்லிட்டேன். இனி அங்கயே எழுதிக்கும்,” என்றாள், அழைப்புகளைக் கவனிக்கும் ரஷீதிடம்.

அட்டவணையை மறுபடி அடுக்கி முடித்ததும் புள்ளிகள் தத்தாமல் எறும்புகளைப் போல ஊர்ந்தன. அறையே கைதட்டியது. கைதட்டல் ஓய்வதற்குள் கொல்லிமலை வளைவொன்றில் ஒரு புள்ளி அப்படியே நின்றுவிட்டது. எல்லாரும் மதிவதனியைப் பார்த்தார்கள். அவள் அவசரமாக அட்டவணையை மறுபடி திறந்தாள்.

ரஷீத் ஓட்டுநரை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டான். “என்னண்ணே, வண்டி நகரலயே?”

“எப்படித் தம்பி நகரும்? உள்ள பிரசவம் நடக்குது. ஓரங்கட்டியிருக்கேன்.”

அவர் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது.

சற்று நேரத்தில் புள்ளி மெல்ல, மிக மெல்ல மலையிறங்கத் தொடங்கியது.

“இது மெதுவாப் போறதுக்கு நான் பொறுப்பில்ல,” என்றாள் மதிவதனி, கண்களைத் துடைத்துக்கொண்டே.